எங்கள் வீட்டுக் குழு: மோட்டார் கேபிளை அளந்த ஞாயிறு

நான் (காலை 7.40): அனைவருக்கும் வணக்கம். போர்வெல்லில் புது மோட்டாரை இறக்கப்போகிறோம். பரணில் மூன்று கோர் (உறையிட்ட உள்கம்பி) உள்ள தட்டைக் கேபிள் ஒரு சுருள் கிடக்கிறது. கம்பியின் குறுக்குப் பரப்பு 2.5 சதுர மி.மீ. என்பது தெரிகிறது, எத்தனை மீட்டர் என்ற சீட்டுதான் இல்லை. வெட்டாமல் அதை அளக்க வழி சொல்லுங்கள்.

கரூர்ச் சித்தி: கொடிக்கயிற்றைச் சுற்றுவதுபோல முழங்கையில் சுற்றி எண்ணினால் போதாதா?

நான்: சுற்றிப் பார்த்துவிட்டேன், சித்தி. முதல் முறை 74 சுற்று வந்தது, இரண்டாம் முறை 79 வந்தது. பூக்காரம்மா முழம் போடுவதைப்போல, கை தளர்ந்தால் அளவும் மாறிவிடுகிறது.

ஈரோட்டு மாமா (8.05): முதலில் கேபிளின் மேலுறையை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். பல கேபிள்களில் மீட்டருக்கு ஒரு முறை எண் அச்சிட்டிருப்பார்கள். இருந்தால், இரு முனைகளுக்கும் அருகிலுள்ள எண்களைக் கழித்தாலே வேலை முடிந்தது.

நான்: துடைத்தேன், மாமா. எழுத்து ஏதோ இருந்த தடம் தெரிகிறதே தவிர, எண்ணை வாசிக்க முடியவில்லை.

அண்ணன்: என்னிடம் மல்டிமீட்டர் இருக்கிறது. ஒரு முனையில் இரண்டு கோர்களை முறுக்கிவிட்டு மறுமுனையில் மின்தடையை அளந்தால், கணக்குப் போட்டு நீளத்தைக் கண்டுபிடித்துவிடலாமே?

ஈரோட்டு மாமா: தத்துவம் சரிதான், மாப்பிள்ளை. ஆனால் இந்தத் தடிமனுள்ள தாமிரக் கம்பிக்கு 1,000 மீட்டருக்கே சுமார் 8 ஓம்தான். போய்த் திரும்பும் 160 மீட்டருக்கு 1.3 ஓம்கூட வராது. உங்கள் மீட்டர் 0.1 ஓம் பிசகினால், நீளத்தில் ஆறு மீட்டர் பிசகும். மீட்டரின் வயர்களுக்கே தடை உண்டு. வெயிலில் தாமிரத்தின் தடை இன்னும் கூடும். கேபிள் நடுவில் அறுந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் அந்த மீட்டரைப் பயன்படுத்துங்கள்.

நான் (10.20): கூடத்தின் டைல்களை ஒட்டிக் கேபிளை முன்னும் பின்னுமாக விரித்து எண்ணினேன். 131 டைல்கள் வந்தன. டைல் இரண்டடி என்பதால் 262 அடி, அதாவது ஏறக்குறைய 80 மீட்டர். நமக்குத் தேவை 79 சொச்சம்தான், தப்பித்தோம்.

ஈரோட்டு மாமா: அவசரப்படாதீர்கள். கடையில் இரண்டடி டைல் என்று சொல்வார்களே தவிர, அதன் அளவு 600 மி.மீ.தான், இரண்டடி என்றால் 609.6 மி.மீ. இருக்க வேண்டும். ஒரு டைலில் ஒரு செ.மீ.கூடக் குறையாது, ஆனால் 131 டைல்களில் ஒன்றேகால் மீட்டர் குறைந்துவிடும். சிறிய அளவுகோலை நூறு முறை வைத்தால், அதன் பிழையும் நூறு முறை சேர்ந்துகொள்ளும். மொட்டை மாடியில் 10 மீட்டர் தூரத்தை ஒரே மூச்சில் டேப் பிடித்துச் சாக்பீஸால் கோடு போடுங்கள். கேபிளை முறுக்கில்லாமல் தரையில் கிடத்தி, ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள்.

தஞ்சைப் பெரியப்பா: தொங்கவிட்டு அளக்காதீர்கள், தொய்வு உங்களை ஏமாற்றிவிடும்.

நான் (மாலை 5.15): ஏழு முறை 10 மீட்டர், மீதி 8.7 மீட்டர், ஆக 78.7 மீட்டர். ஆழத்துக்கு 3 மீட்டர் குழாய்கள் 21, அதாவது 63 மீட்டர். கிணற்று வாயிலிருந்து ஸ்டார்ட்டர் பெட்டி வரை 12.2 மீட்டர். குழாயோடு கட்டுவதற்கும் இரு முனை இணைப்புகளுக்கும் 4 மீட்டர். மொத்தம் 79.2 மீட்டர் வேண்டும். அரை மீட்டர் பற்றவில்லை.

கரூர்ச் சித்தி: அரை மீட்டருக்காகப் புதுச் சுருள் வாங்குவதா?

ஈரோட்டு மாமா: வேண்டாம், தங்கச்சி. கிணற்றுக்குள் இறங்கும் பகுதிதான் நடுவில் ஒட்டில்லாமல் இருக்க வேண்டும். நீருக்குள் கூடுதல் இணைப்பு வைத்தால் என்றைக்காவது கசியும். கிணற்று வாயருகே மழை படாத இணைப்புப் பெட்டி ஒன்றை வையுங்கள். அங்கிருந்து ஸ்டார்ட்டர் வரை புதுக் கேபிள் 15 மீட்டர் வாங்கினால் போதும். மாப்பிள்ளை, பழைய கேபிளை மோட்டார் இறங்கி முடிந்த பிறகு வெட்டுங்கள்.

நான் (மறுநாள், பகல் 1.30): மோட்டார் இறங்கிவிட்டது, மாமா. மிஞ்சிய துண்டு 13 மீட்டர். அதைச் சுருட்டி, நீளத்தை எழுதிய அட்டையைக் கட்டிப் பரணில் வைத்துவிட்டேன்.