குடும்பக் குழு: பழைய உடைகள் பார்க்கப் போன கதை

அக்கா: போய் வந்துவிட்டாயா? எப்படி இருந்தது?

நான்: இப்போதுதான் வந்தேன் அக்கா. மூன்று மணி நேரம் போனதே தெரியவில்லை. அந்தப் பழைய உடைகளைச் சேர்த்து வைத்திருப்பவர் 1890களின் கவுன் ஒன்றை மேசையில் விரித்தார். வெளிப்பக்க வேலைப்பாட்டைக் காட்டுவார் என்று பார்த்தால், உள்பக்கத்தைத் திருப்பினார்!

அண்ணன்: உள்ளே என்ன இருக்கும்?

நான்: இடுப்பில் பட்டை, அக்குளில் வியர்வைக் கறை. பக்கத் தையலைப் பிரித்து, அரை விரல் அகலம் விட்டுத் திரும்பத் தைத்திருக்கிறார்கள். பழைய தையல் ஓடிய ஊசித் துளைகள் வரிசையாக அப்படியே இருக்கின்றன. போட்டவள் கொஞ்சம் பருத்திருக்கலாம், இல்லை வேறொருத்திக்குக் கைமாறியிருக்கலாம். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ செய்துவிட்டது.

மாமா: எந்தக் காலத்து உடை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நான்: பல துப்புகள் மாமா. சண்ட்பேக் என்பவர் இன்றைய ஜிப்பின் வடிவத்தை 1913இல் செய்தார். ஆனால் பெண்களின் உடையில் அது பரவலானது 1930களில்தான். அதற்கு முன் பெரும்பாலும் கொக்கியும் அழுத்துப் பொத்தானும்தான். ஜிப்பை மட்டும் நம்பவும் முடியாது, பின்னால் யாராவது மாற்றியிருப்பார்கள். அதனால் முதலில் தையலைத்தான் பார்க்கிறார்.

அண்ணன்: அந்தக் காலத்துப் பச்சைச் சாயத்தில் விஷம் இருந்ததாமே?

நான்: ஆமாம் அண்ணா, ஆர்சனிக். ஷீலே என்ற வேதியியலாளர் 1775இல் கண்டுபிடித்த பச்சை. உடையிலும் துணிப் பூக்களிலும் போட்டிருக்கிறார்கள். பச்சை உடைகளை அவர் தனிப் பெட்டியில் வைத்து, கையுறை போட்டுத்தான் தொடுகிறார்.

அத்தை: பாட்டியின் பட்டுச் சட்டை என்னிடம் இருக்கிறதே. பிளாஸ்டிக் உறை போட்டு ஹேங்கரில் பத்திரமாக மாட்டி வைத்திருக்கிறேன்.

நான்: ஐயோ அத்தை, முதலில் உறையைக் கழற்றுங்கள்! உள்ளே ஈரம் தங்கிவிடும். தொங்கவிட்டால் துணியின் பாரமெல்லாம் தோளில்தான் விழும். பெட்டியில் படுக்க வையுங்கள். அமிலம் இல்லாத மெல்லிய தாளைச் சுருட்டி மடிப்புக்குள் வையுங்கள், அப்போதுதான் மடிப்பு கூராக விழாது. அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள்.

அக்கா: பட்டு அவ்வளவு சீக்கிரம் கிழியுமா?

நான்: அங்கே ஒன்று கண்ணெதிரே தூளாக உதிர்ந்தது அக்கா. பட்டு இழையின் மேல் இயற்கையாக இருக்கும் பசையை நீக்கினால் பட்டின் எடை குறையும். அதை ஈடுகட்ட 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளீய உப்பு ஏற்றினார்கள். அந்த உப்பே நாளடைவில் இழையை அறுத்துவிடுகிறது. பக்கத்திலேயே அதைவிடப் பழைய பருத்தி உடை, புதிது மாதிரி இருக்கிறது!

மாமா: அத்தை எழுந்து பீரோவைத் திறந்துவிட்டாள்.

நான்: கை கழுவித் துடைத்துவிட்டுத் தொடச் சொல்லுங்கள் மாமா.

அத்தை: நல்லவேளை, எங்கும் கிழியவில்லை. நீ சொன்னாயே என்று உள்பக்கம் திருப்பினேன். இடது தோளருகே வேறு நிற நூலில் சின்ன ஒட்டுத் தையல். இரட்டை நூல். அம்மா எப்போதும் இரட்டை நூலில்தான் தைப்பாள். இத்தனை வருஷம் கவனிக்கவே இல்லை.

நான்: அதைப் பிரித்துவிடாதீர்கள் அத்தை.

அத்தை: பிரிப்பேனா? போட்டோ எடுத்து அனுப்புகிறேன், இரு.