ஏரித் தண்ணியின் மஞ்சள் நிறம்: அயோடின் எண் 1000 போதுமா?

துளைமானி: "அயோடின் எண் 1000 உள்ள கரி போடுங்க, மஞ்சள் போயிடும்"னு மேலே ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். அயோடின் எண்ணுன்னா, தண்ணி சுத்தம் பண்ற கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) ஒரு கிராம் எத்தனை மில்லிகிராம் அயோடின் பிடிக்குதுங்கிற கணக்கு. எத்தனை தடவை சொல்றது? அயோடின் அரை நானோமீட்டர் சைஸ். 2 நானோமீட்டருக்குக் கீழே உள்ள நுண்துளையிலும் புகுந்துடும். தண்ணியை மஞ்சளாக்குறது மட்கின இலையிலிருந்து வர்ற ஹியூமிக் அமிலம். அது பல மடங்கு பெரிசு, அதுல நுழையாது. 2 முதல் 50 நானோமீட்டர் வரை துளை வேணும். மரத்தூள் கரி, லிக்னைட் கரியில்தான் அது அதிகம்.

காங்கேயம்கரி: கிராமுக்கு 1000 மில்லிகிராம் அயோடின் பிடிக்குதுன்னா பரப்பு அதிகம்னுதானே அர்த்தம்? தேங்காய்த்தொட்டிக் கரி உலகம் பூரா போகுதுங்க.

துளைமானி: போகுது, தங்கம் பிரிக்க, குளோரின் வாடை எடுக்க. எல்லாம் சின்ன மூலக்கூறு. ஹியூமிக்குக்கு அந்தப் பரப்பு பூட்டின அறை.

படிகாரம்: முதல்ல ஆலம் (படிகாரம்) போடுங்கப்பா. பிஎச், அதாவது அமில-கார அளவு, 6 பக்கம் வச்சா பெரிய மூலக்கூறெல்லாம் கட்டியா இறங்கிடும். மிச்சத்துக்குக் கரி.

காங்கேயம்கரி: ஆக, மிச்சம் சின்னது. நுண்துளை போதும். எண் 1000!

துளைமானி: நீங்க ஆலம்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? சோதிச்சுப் பாருங்க. மரத்தூள் கரி, தேங்காய்த்தொட்டிக் கரி ரெண்டையும் ஒரே நைசா அரைச்சு, லிட்டருக்கு 0, 20, 50, 100 மில்லிகிராம் போட்டு 2 மணி நேரம் கலக்குங்க. 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாளில் வடிச்சு, 254 நானோமீட்டர் புறஊதா ஒளியைத் தண்ணி எவ்வளவு உறிஞ்சுதுன்னு அளவு எடுங்க. அளவு குறைஞ்சா ஹியூமிக் குறைஞ்சிருக்கு. தாளை முதல்ல காய்ச்சி வடிச்ச தண்ணியில அலசணும், இல்லேன்னா தாளோட சாறே அளவை ஏத்திடும்.

படிகாரம்: தண்ணி கரியோட இருக்கிற தொடர்பு நேரத்தை யாரும் பேசலையே. நிமிஷத்துக்கு 10 லிட்டர் ஓட்டி 20 லிட்டர் கரி வச்சா 2 நிமிஷம்தான். எந்தக் கரியும் தோக்கும். 10 நிமிஷத்துக்கு 100 லிட்டர் வேணும்.

துளைமானி: அது வேற கதை, இழையைத் திருப்பாதீங்க. மிஞ்சின ஹியூமிக்கோட, கிருமி கொல்லப் போடற குளோரின் சேர்ந்தா குளோரோஃபார்ம்ங்கிற நச்சு வரும், ராட்டர்டாமில் ரூக்னு ஒரு வேதியியலாளர் 1974-லேயே எழுதிட்டார். இங்க இன்னும் அயோடின் எண்!

காங்கேயம்கரி: எங்க ஊர்க் கரியை மட்டம் தட்டணும், அதானே? 1100 எண் கரி போட்டுப் பாருங்க.

துளைமானி: 1100 ஆனாலும் துளை அதே துளைதான்!