மறுமொழி: ஸ்டாக்கிங் என்பதற்கு ‘இருப்பு வைத்தல்’ போதுமா?

வணக்கம். ஸ்டாக்கிங் (மீன்குஞ்சுகளைக் கொண்டுவந்து நீர்நிலையில் விடுவது) என்பதற்கு நான் ஒரு புதுச்சொல் முன்வைத்ததற்கு வந்த கேள்வி இது:

> மீன்வளத் துறைக் கையேடுகளில் ‘இருப்பு’ என்றுதானே எழுதுகிறார்கள்? புதுச்சொல் எதற்கு?

குளத்துக்கு அது போதும் ஐயா. இங்கே பெங்களூரு ஏரிகளில் குத்தகைக்காரர் கட்லா, ரோகு குஞ்சுகளை விடுகிறார். வளர்ந்ததும் வலை போட்டு எடுக்கிறார். விடுவதும் அவர், எடுப்பதும் அவர். அது இருப்புதான். ஆற்றுக்கு வந்தால் இடிக்கிறது.

நான் தமிழாக்கும் கட்டுரை காவிரியின் திமில் மஹ்சீர் என்ற பெரிய ஆற்றுமீனைப் பற்றியது. கர்நாடகத்தில் காவிரிக்கரையில் உள்ள பீமேஸ்வரிக்கும் காலிபோரேக்கும் தூண்டில்காரர்கள் தேடி வந்த மீன். தலையை அடுத்து மேடாக எழும்பும் முதுகு, ஆரஞ்சு வால். பாறைகளுக்கிடையே பாயும் நீரும் ஆழமான மடுவும் அதற்கு வேண்டும். காவிரிப் படுகையை விட்டால் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. 1970களில் மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் நீலத்துடுப்பு மஹ்சீர் என்ற வேறோர் இனத்தைச் செயற்கை முறையில் பொரிக்கத் தொடங்கினார்கள். மஹ்சீர் பெருகட்டும் என்ற நல்லெண்ணத்தில் அந்தக் குஞ்சுகளைக் காவிரியிலும் விட்டார்கள். நீலத்துடுப்பின் சொந்த ஊரோ கிருஷ்ணா படுகை. போகப்போக தூண்டிலில் சிக்கியதில் பெரும்பாலும் அதுவே. திமில் மீன் அரிதாகிவிட்டது. திமில் மீன்தான் டோர் ரெமாதேவி என்ற அறிவியல் பெயர் கொண்ட இனம் என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டதே 2018இல். அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) ‘மிக அருகிய இனம்’ என்ற பட்டியலிலும் ஏறிவிட்டது.

இந்த இடத்தில் ‘இருப்பு மீன்’ என்று எழுதினால், ஏற்கெனவே ஆற்றில் இருந்த மீன் என்றுதான் படிப்பவர் நினைப்பார். பொருள் தலைகீழாகிவிடும்! எனவே செயலுக்குக் ‘குஞ்சுவிடல்’, அப்படி விட்ட மீனுக்கு ‘விடுமீன்’ என்கிறேன். வினைத்தொகை என்பதால் அன்று விட்டது, இனி விடப்போவது இரண்டுக்கும் பொருந்தும்.

கோவை நண்பர் சொன்ன ‘வந்தேறி மீன்’ சரிவராது. அது தானாக வந்து ஏறவில்லை, ஆள் கொண்டுவந்து விட்டது. அப்புறம், பெங்களூருத் தமிழனுக்கு அந்தச் சொல்லை மீனுக்கு வைக்கக்கூடக் கை கூசும். ‘வளர்ப்பு மீன்’ என்றால் கண்ணாடித் தொட்டியில் இருப்பதும் அதில் சேர்ந்துவிடும்.

பிடித்துத் திரும்ப ஆற்றில் விடுகிற மீனோடு ‘விடுமீன்’ குழம்பாதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அந்தப் பழக்கத்துக்கு ‘மீள்விடல்’ என்று தனியாக வைத்துவிட்டால் தீர்ந்தது.

‘குஞ்சுவிடல்’ சேர்த்து எழுதுவதா, பிரித்தா என்பதில் எனக்குப் பிடிவாதமில்லை. இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.