சாய்தளத்தில் குண்டு உருட்டினால் ஈர்ப்பு முடுக்கம் 5.9 தான் வருகிறது, எங்கே தவறு?

கேள்வி
அலுமினியச் சேனலைச் சாய்த்து வைத்து 16 மி.மீ. விட்டமுள்ள எஃகு குண்டை ஓடவிடுகிறேன். ஓடும் தூரம் 1 மீட்டர், அதற்குள் இறக்கம் 5 செ.மீ. பத்து முறை எடுத்த நேரத்தின் சராசரி 2.60 நொடி. தூரத்தின் இரு மடங்கை நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் முடுக்கம் 0.296 மீ/வி². அதை 0.05ஆல் வகுத்தால் 5.92. உராய்வுதான் காரணமா? எண்ணெய் தடவலாமா?

பதில் 1
எண்ணெய் வேண்டாம். நழுவாமல் உருளும் குண்டில், தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நகர்வதே இல்லை. அதனால் அங்குள்ள நிலை உராய்வு ஆற்றலைத் தின்னாது; குண்டைச் சுழல வைக்கும், அவ்வளவுதான். நீங்கள் போட்டது உராய்வின்றி வழுக்கும் பொருளுக்கான கணக்கு. திண்மக் கோளம் உருளும்போது இயக்க ஆற்றலில் 2/7 பங்கு சுழற்சிக்குப் போகிறது, முடுக்கமும் 5/7 ஆகிவிடும். 5.92ஐ 7/5ஆல் பெருக்குங்கள்.

கேட்டவர்
8.28 வருகிறது. இன்னும் 15 சதவீதத்துக்கு மேல் இடிக்கிறதே?

பதில் 2
5/7 தட்டையான பலகைக்குத்தான். உங்கள் குண்டு சேனலின் அடியைத் தொடுகிறதா, இரண்டு விளிம்புகளில் உட்கார்ந்திருக்கிறதா? அடியில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். உள் அகலம் எவ்வளவு?

கேட்டவர்
தாள் தாராளமாகப் போகிறது. அகலம் 10 மி.மீ.

பதில் 2
அப்படியானால் விஷயம் அதுதான். குண்டு உருளும் ஆரம் 8 மி.மீ. அல்ல, √(8² − 5²) = 6.24 மி.மீ. ஒரு சுற்றுக்கு 50 மி.மீ. போக வேண்டியது 39 மி.மீ. தான் போகும். குண்டில் மார்க்கரால் புள்ளி வைத்து, கையால் மெல்ல ஒரு சுற்று உருட்டி அளந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். அதே வேகத்துக்கு அதிகமாகச் சுழல வேண்டியிருப்பதால் சுழற்சி எடுத்துக்கொள்ளும் பங்கும் கூடுகிறது. பெருக்க வேண்டிய எண் 1 + 0.4 × 64/39 = 1.656. 5.92 × 1.656 = 9.80.

இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில் அதிர்ஷ்டமும் உண்டு. அகலத்தில் 1 மி.மீ. கூடினால் விடை 10.4 ஆகிவிடும், வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். நேரத்தில் 0.1 நொடி பிசகினால் விடையில் 8 சதவீதம் போகும். குண்டை விரலால் விடாதீர்கள். முன்னால் ஸ்கேலை வைத்துத் தடுத்து, ஓடும் திசையிலேயே சட்டென்று எடுங்கள். 25, 50, 75, 100 செ.மீ. தூரங்களுக்கு நேரம் எடுத்து, தூரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிராக நேரத்தை வரையுங்கள். கோடு சுழிக்கு மேலோ கீழோ வெட்டினால் அது ஸ்டாப்வாட்ச் அழுத்தும் கையின் பிசகு. கோட்டின் சரிவில் அது கலக்காது. 2ஐச் சரிவின் வர்க்கத்தால் வகுத்தால் முடுக்கம்.