புதுப்பிப்பு: நியோவிம் ஸ்டேட்டஸ்லைனில் லுவா ஃபங்ஷன், வேலை செய்கிறது!

போன வாரம் இதே இழையில் புலம்பியிருந்தேன்: நியோவிம் எடிட்டரில் திறந்திருக்கும் கோப்பில் எத்தனை சொற்கள் என்று ஸ்டேட்டஸ்லைனில் (அடியில் இருக்கும் தகவல் வரி) காட்ட, லுவா நிரல்மொழியில் ஒரு ஃபங்ஷன் எழுதினால் வெறும் பிழைச் செய்திதான் வருகிறது என்று. தீர்ந்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். ஃபங்ஷனுக்கு முன்னால் 'லோக்கல்' போட்டிருந்தேன்; அப்படிப் போட்டால் அந்த லுவா கோப்புக்கு வெளியே அது தெரியாது. ஸ்டேட்டஸ்லைனில் எழுதுவது நியோவிமின் இன்னொரு மொழியான விம்ஸ்கிரிப்டாகத்தான் ஓடுகிறது. அங்கிருந்து 'வி:லுவா' வழியே லுவாவைக் கூப்பிட்டால் குளோபல் (எங்கிருந்தும் தெரியும்) ஃபங்ஷன்கள்தான் கண்ணில் படும். லோக்கலை எடுத்ததும் எண் வந்து உட்கார்ந்துகொண்டது. குளோபல் பிடிக்காதவர்கள் தனி மாட்யூலில் (தனி லுவா கோப்பு) வைத்து 'வி:லுவா.ரிக்வயர்' என்று கூப்பிடலாம். ஆனால் மாட்யூல் பெயருக்கு ஒற்றை மேற்கோள் மட்டும்தான், அடைப்புக்குறி கூடாது. இதற்கே ஒரு சாயங்காலம் போச்சு.

எதிர்த்திசையிலும் ஒரு குழி இருக்கிறது. ஒரு வசதியோ இயங்குதளமோ இருக்கிறதா என்று லுவாவிலிருந்து விம்ஸ்கிரிப்ட் பக்கம் 'விம்.எஃப்என்.ஹேஸ்' மூலம் கேட்டால், இல்லை என்பதற்கு 0 வரும். லுவாவுக்கோ 0 என்றால் 'உண்மை'! மேக்கில் மட்டும் ஓட வேண்டிய வரி என் லினக்ஸிலும் ஓடிக்கொண்டிருந்தது அதனால்தான். வந்த விடை 1-க்குச் சமமா என்று ஒப்பிட்டதும் அடங்கியது.

லோக்கலைப் பார்க்கச் சொன்ன நண்பருக்கு நன்றி. முதலிலேயே சொன்னீர்கள், நான்தான் கேட்கவில்லை.