சிரக்யூஸ் லக்ராஸ் வரலாற்றை எங்கிருந்து எழுதுவது?

செந்தில்_82:
நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் லக்ராஸில், நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் பெரிய பெயர். அந்த அணியின் வரலாறு 1916இல் தொடங்குகிறது என்பது என் கருத்து. வனவியல் கல்லூரிப் பேராசிரியர் லாரி காக்ஸ் அணியை அமைத்தது அப்போதுதான். அடுத்த பத்தாண்டுக்குள் தேசியப் பட்டங்களும் வந்துவிட்டன. அப்புறம் 1931 முதல் 1970 வரை ராய் சிம்மன்ஸ் பயிற்சியாளர், 1998 வரை அவருடைய மகன். இவ்வளவு பொறுமையாக வளர்த்த அணி வேறு எங்கே இருக்கிறது?

மல்லிகா:
காக்ஸின் உழைப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் நிற்பதே ஒனன்டாகா என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில். நகரத்துக்குத் தெற்கே, கொஞ்ச தூரத்தில் இன்றும் அவர்கள் வாழ்கிறார்கள். லக்ராஸ் அவர்களுக்குப் படைத்தவன் தந்த ஆட்டம். நோய் தீரவும் ஆடுவார்கள். பக்கத்து ஊரில் தலைமுறை தலைமுறையாக ஆடியதை விட்டுவிட்டு 1916 என்று எப்படித் தொடங்க முடியும்?

செந்தில்_82:
ஆட்டத்தின் வரலாறு வேறு, அணியின் வரலாறு வேறுங்க. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 1883இலேயே ஆடத் தொடங்கியது. அதையும் ஒனன்டாகா கணக்கில் எழுதுவீர்களா? கல்லூரிகளுக்கு வந்தது மான்ட்ரியல் பல் மருத்துவர் வில்லியம் ஜார்ஜ் பியர்ஸ் 1860களில் விதி எழுதிய ஆட்டம்.

மல்லிகா:
பியர்ஸ் அந்த ஆட்டத்தைக் கண்டது யாரிடம்? ஒனன்டாகாவோடு ஒரே கூட்டமைப்பில் இருக்கும் மோஹாக் மக்களிடம். 1880இல் கனடாவின் லக்ராஸ் சங்கம் பூர்வகுடிகளைத் தன் போட்டிகளிலிருந்தே விலக்கியது. ஹாப்கின்ஸை விடுங்கள், சிரக்யூஸையே எடுத்துக்கொள்வோம். 1957இல் ஆடிய 10 ஆட்டத்திலும் வெற்றி. கோல்களைக் குவித்த ஜிம் பிரவுனை எல்லோருக்கும் தெரியும். கோல் காத்தவர் ஓரன் லயன்ஸ், ஒனன்டாகாக்காரர். 2009 இறுதிப் போட்டியில் கூடுதல் நேரத்தில் கார்னெலை வீழ்த்திய கோல் கோடி ஜேமிசனுடையது. அவர் கனடாவில் அதே கூட்டமைப்பின் ஆறு இன மக்களும் வாழும் சிக்ஸ் நேஷன்ஸ் பகுதிக்காரர்.

கபிலன்:
குறுக்கிடுகிறேன். தோற்காத அந்த 1957 அணிக்குத் தேசியப் பட்டம் கிடைக்கவில்லை, ஹாப்கின்ஸுக்குப் போனது. கல்லூரிகளுக்கு இறுதிப் போட்டி வைத்துப் பட்டம் தரும் முறை 1971இல்தான் வந்தது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

செந்தில்_82:
லயன்ஸ், ஜேமிசன் இருவருக்கும் இடம் கொடுத்தது அந்தப் பல்கலைக்கழகம்தானே? அது 1916இல் போட்ட அடித்தளம். நான் நகர மாட்டேன்.

மல்லிகா:
இடம் கொடுத்தது என்றா சொல்கிறீர்கள்? சரி, 1983இல் அதே லயன்ஸ் இன்னும் சிலரோடு சேர்ந்து அந்த ஆறு இன மக்களுக்கென்று தேசிய அணியே உருவாக்கினார். உலகப் போட்டிகளில் அது சொந்தக் கொடியோடு ஆடுகிறது. 2028இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் லக்ராஸ் திரும்ப வருகிறது. அங்கே நுழைய மட்டும் தனி ஒலிம்பிக் சங்கம் வேண்டும் என்கிறது விதி. அது அவர்களுக்கு இல்லாததால் விலக்கு கேட்கிறார்கள். சிரக்யூஸ் தன் வரலாற்றின் முதல் பக்கத்தில் ஒனன்டாகா பெயரை எழுதினால், அந்தக் கோரிக்கைக்கு ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் குரலும் சேரும்.