ஓடித் தேய்ந்த டீசல் லாரி: ஆயில் கசிவை எங்கே தேடுவது, எப்படி அடைப்பது?

(மூன்று பேர் மாறி மாறிச் சொன்னது. ஒவ்வொரு பகுதிக்கு மேலும் இருப்பது சொன்னவரின் அடையாளம்.)

கடலூர் முதுநகர்

ஐந்தாறு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய வண்டி ஆயில் ஒழுகிக்கொண்டு வந்தால், சொட்டுகிற இடத்தைப் பார்த்து ஸ்பேனரைத் தூக்காதீர்கள். டேப்பட் கவர் (இன்ஜின் உச்சி மூடி) பேக்கிங்கில் கசியும் ஆயில் பிளாக்கின் பின்பக்கமாக வழிந்து, பெல் ஹவுசிங்கில் (இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக் கூடு) வந்துதான் சொட்டும். அதைப் பார்த்ததும் கிராங்க்கின் பின்பக்க சீல் போச்சு என்று கியர்பாக்ஸை இறக்கினால் கூலியும் தண்டம், ஒழுகலும் நிற்காது.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு டீசலும் பிரஷும் போட்டுக் கழுவுங்கள். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மேல் பாலித்தீன் சுற்றிவிட வேண்டும். டீசல் ஈரமே இல்லாமல் காற்றடித்துக் காயவைத்து, இணைப்புகள் மேல் முகப்பவுடர் தூவி 15 நிமிடம் ஐடிலில் விடுங்கள். பவுடர் கறுத்த இடங்களில் எது உயரத்தில் இருக்கிறதோ அதுதான் ஊற்று. ஐடிலில் தெரியாவிட்டால் லோடோடு கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். ஆயில் கூலர் பேக்கிங், ஃபில்டர் ரப்பர், டர்போ ஆயில் பைப், ட்ரெயின் பிளக்கின் செம்பு வாஷர் எல்லாவற்றையும் இதே சோதனையில் பார்த்துவிடலாம்.

நெய்வேலி சாம்பல் லோடு

அண்ணன் சொன்ன சோதனையோடு பேக் கம்ப்ரஷனையும் பார்த்தே ஆக வேண்டும். புது சீல் போட்டும் மறுபடி ஒழுகுகிற வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். பிஸ்டன் ரிங்கும் அது உரசும் லைனரும் தேய்ந்தால் எரிந்த காற்று கீழே இறங்கி ஆயில் சேம்பருக்குள் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) அழுத்தம் ஏறும். அது ப்ரீதர் என்கிற காற்றுப் போக்கி வழியாக வெளியே போகணும். ப்ரீதரில் கசடு அடைத்திருந்தால், எந்த சீல் இளைத்திருக்கிறதோ அதைத் தள்ளிக்கொண்டு வரும்.

ஐடிலில் ஆயில் ஊற்றும் மூடியைத் திருகாமல் கவிழ்த்து வையுங்கள். துள்ளி விழுந்தால் அழுத்தம் அதிகம். ப்ரீதர் பைப்பைக் கழற்றியதும் அடங்கினால் அடைப்புதான். டீசலில் ஊறவைத்துக் கழுவினால் தீரும். அடங்காவிட்டாலும் உடனே ரிங் வேலைக்குப் போகாதீர்கள். பிரேக்குக்குக் காற்று அடைக்கும் ஏர் கம்ப்ரசர் தேய்ந்திருந்தாலும் ப்ரீதரில் அதே மாதிரி புகை வரும். ஏர் டேங்க் 8 பார் அளவில் நிறைந்து கட்-ஆஃப் ஆனதும் (கம்ப்ரசர் காற்று ஏற்றுவது நின்றதும்) ப்ரீதர் புகை குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் கம்ப்ரசரைப் பாருங்கள். டேங்க் தண்ணீரைத் திறந்துவிடும்போது ஆயிலும் சேர்ந்து வரும்.

சாம்பல் லோடு, செங்கல் லோடு ஓட்டுகிறவர்கள் ஏர் ஃபில்டர் ஹோஸ் கிளாம்ப்பை இறுக்கமாக வைத்திருங்கள். அந்த இடுக்கில் போகும் தூசியே ரிங்கைத் தின்கிறது.

வில்லியனூர்

கிராங்க்கின் பின்பக்க சீல்தான் என்று தோன்றினால்: பெல் ஹவுசிங் அடித்துளையில் வரும் ஆயிலை விரலில் எடுத்து முகருங்கள். கந்தக நெடி அடித்தால் கியர் ஆயில், அது கியர்பாக்ஸ் முன் சீல். கறுத்துத் தண்ணியாக இருந்தால் இன்ஜின் ஆயில்.

ஃபிளைவீலைக் கழற்றியதும், சீல் உதடு உரசும் இடத்தில் கிராங்க் மேல் நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்கள். நகம் சிக்கினால் பள்ளம் விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்திலேயே புது சீலை உட்காரவைத்தால் வீண் வேலை. ஹவுசிங்கில் இடமிருந்தால் சீலை இரண்டு மில்லிமீட்டர் முன்னே அல்லது பின்னே தள்ளிப் போடலாம். இல்லாவிட்டால் கிராங்க் மேல் ஸ்லீவ் (மெல்லிய உலோக உறை) ஏற்ற வேண்டும்.

ரப்பர் உதடு சீலுக்கு ஆயில் தடவணும். டெஃப்லான் சீலுக்குத் தடவவே கூடாது. கிராங்கும் கையும் சுத்தமாகக் காய்ந்திருக்க வேண்டும், கூட வரும் பிளாஸ்டிக் வளையத்தின் மேல்தான் ஏற்ற வேண்டும். இது தெரியாமல் ஆயில் தடவியே பல நல்ல சீல்கள் வீணாகின்றன. ஸ்பிரிங் இருக்கும் சீலில் ஸ்பிரிங் பக்கம் ஆயிலைப் பார்த்து இருக்கட்டும். சுத்தியால் ஓரத்தில் அடித்துக் கோணலாக இறக்காதீர்கள். கிளட்ச் பிளேட் ஆயிலில் ஊறியிருந்தால் மாற்றிவிடுங்கள், துடைத்துப் போட்டால் லோடில் வழுக்கும்.

கடலூர் முதுநகர்

ஆயில் சேம்பர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் தகரச் சேம்பர் உப்புக் காற்றில் துரு ஏறி ஊசித்துளை விடும். பேக்கிங் மாற்றி அது நிற்காது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். துளை இருந்தால் சேம்பரையே மாற்றுவது நல்லது.

கழற்றிய சேம்பரின் விளிம்பில் போல்ட் துளைகள் புடைத்திருக்கும், முன்பு யாரோ ஓங்கி இறுக்கியதால். தட்டிச் சமப்படுத்தாமல் எந்தப் பேக்கிங்கும் பிடிக்காது. சிலிக்கான் பசை போட்டால் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கோடு போதும், போல்ட் துளையைச் சுற்றி உட்பக்கமாக. அள்ளிப் பூசினால் உள்ளே பிதுங்கி, உதிர்ந்து, பம்ப் சல்லடையை அடைக்கும். ஆயில் பிரஷர் விழுந்தால் பேரிங் போச்சு. நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் மாற்றி மாற்றி, மேனுவலில் உள்ள டார்க் (இறுக்கு விசை) அளவுக்கு இறுக்குங்கள். ஒரு நாள் காயவிட்டு ஆயில் ஊற்றுங்கள். கார்க் பேக்கிங் என்றால் ஒருமுறை சூடாகி ஆறியதும் லேசாக மறு இறுக்கு வேண்டும். பசைக்கு அது கூடாது, ஒட்டியது விட்டுப்போகும்.

ஒழுகலை நிறுத்தக் கெட்டி ஆயில் ஊற்றும் பழக்கம் வேண்டாம். கம்பெனி 15டபிள்யூ-40 கிரேடு ஆயில் சொன்னால் அதுவே. சமதரையில் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டிக் பார்த்து, மேல் கோட்டுக்கு மேலே போகாமல் நிரப்புங்கள். வடித்த பழைய ஆயிலை உப்பனாற்றுப் பக்கமோ சாக்கடையிலோ கொட்டாமல், கேனில் பிடித்து மறுசுழற்சி உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள்.